பம்ப் வேலைக்குப் பிறகு லாரி புடிக்கவில்லையா? முதலில் சைலன்சரைப் பாருங்கள்

நேற்று வரைக்கும் ஓடிய வண்டி. டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்து மாட்டியிருப்பார்கள், அல்லது ஃபில்டர் மாற்றியிருப்பார்கள், அல்லது டேங்கை இறக்கிக் கழுவியிருப்பார்கள். அதற்குப் பிறகு செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, சுற்றுகிறது, புடிக்க மாட்டேன் என்கிறது. எனக்கு வருகிற போனில் பாதி இந்த ரகம்தான், அதுவும் தை மாசியில் ரொம்ப அதிகம். சம்பா அறுவடை ஓடிக்கொண்டிருக்கும், கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பங்களை அடுக்கிவைத்துக்கொண்டு லாரி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒரு நாள் ஓட்டம் போனாலும் சீசனில் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பதால் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி ராத்திரியோடு ராத்திரியாக மாட்டியிருப்பார்கள். கோளாறு அந்த அவசரத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

நீடாமங்கலம் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் நெல் லோடு, உப்பு லோடு, செங்கல் லோடு வண்டிகள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது ஒன்றுதான்: வேலை பார்த்த பிறகு வந்த கோளாறு வேலை பார்த்த இடத்தில்தான் இருக்கும். டிரைவர் "கம்ப்ரஷன் போச்சுண்ணே" என்பார், பக்கத்தில் நிற்கிறவர் "இஞ்சின் இறக்கியாகணும்" என்பார், நாலாவது ஆள் வந்து ஏர் கிளீனரில் எதையாவது அடிக்கச் சொல்வார். நேற்று சாயங்காலம் வரை 10 டன் இழுத்த இஞ்சினுக்கு, டீசல் பைப்பைக் கழற்றி மாட்டியதால் கம்ப்ரஷன் போகாது. எந்த நட்டில் ஸ்பானர் பட்டதோ அங்கிருந்து தேடுங்கள்.

முதலில் பழைய முறை வண்டிகளைச் சொல்கிறேன், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக அமுக்குகிற பகுதிகள் வரிசையாக இருக்கும் இன்லைன் பம்ப், அல்லது ஒரே தலை சுற்றிச் சுற்றி எல்லா சிலிண்டருக்கும் பங்கிடும் ரோட்டரி பம்ப் வைத்தவை. மைக்கோ பம்ப் என்று இன்னும் எல்லாரும் சொல்வது இவற்றைத்தான். அந்தக் கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது, டிரைவர்கள் மாற்றவில்லை. காமன் ரயில் வண்டிக்கு, அதாவது ஒரே தடித்த குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போய், ஒவ்வொன்றுக்கும் ஒயர் போகிற வண்டிக்கு, தனியாகக் கீழே வருகிறேன். உங்களுடையது காமன் ரயில் என்றால் ஸ்பானர் எடுக்கும் முன் நேராக அந்தப் பகுதிக்குப் போய்விடுங்கள், ஏனென்றால் இங்கே சொல்கிற சில வேலைகளை அந்த வண்டியில் செய்தால் கை போய்விடும்.

செல்ஃப் அடிப்பதற்கு முன்

10 விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள், அடித்தால் இரண்டு நிமிஷம் விடுங்கள். புடிக்காத கோபத்தில் அரை நிமிஷம் ஒரே மூச்சாக அடித்து செல்ஃப் மோட்டாரையும் கருக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அப்புறம் ஒரு செலவு இரண்டு செலவாகிறது. பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 24 வோல்ட் வண்டியில் செல்ஃப் சுற்றும்போது 19-க்குக் கீழே இறங்கினால், டீசல் லைன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இஞ்சின் தேவையான வேகத்தில் சுற்றாது. டீசல் லைனில் நிற்கிற காற்றை வெளியேற்றுவதற்காகவே, அதாவது ஏர் எடுப்பதற்காகவே, நாலைந்து தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், அதனால் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு ஜோடி பேட்டரியைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

சேலம் தர்மபுரிப் பக்கத்து டிரைவர்கள் இறக்கம் பார்த்து வண்டியை நிறுத்தி வைப்பார்கள், காலையில் உருட்டிவிட்டால் தீர்ந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம்ம ஊரில் மேடு என்றால் ஆற்றுப்பாலம் ஏறுகிற இடம் ஒன்றுதான். அதனால் இங்கே உடனே டிராக்டரைக் கூப்பிட்டு சங்கிலி போட்டு இழுக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். பிரேக்குக்கான காற்று டேங்கில் காற்று இல்லாமல் ஹேண்ட் பிரேக் விடாது, இஞ்சின் ஓடாமல் பவர் ஸ்டியரிங் கல்லாக இருக்கும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதை 'டக்' சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

சரி, இப்போது ஒரு ஆள் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் பின்னால் போய் சைலன்சரைப் பாருங்கள். புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை

டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை என்று அர்த்தம். டீசல் போய் எரியாமல் இருந்தால்கூட வெள்ளையாகக் கொஞ்சமாவது ஆவி வரும்.

முதலில் ஸ்டாப்பர் லீவர், அதாவது டீசலை நிறுத்தி இஞ்சினை அணைக்கிற லீவர். சிரிக்காதீர்கள். பம்பை மாட்டிவிட்டு ஸ்டாப்பர் கேபிளை இழுத்து முறுக்கும்போது, லீவர் பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிடும். டிரைவர் உள்ளே குமிழைத் தள்ளிவிட்டேன் என்பார், கேபிள் தள்ளியிருக்காது. கேபிளைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் ஓடுகிற பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். கேபிளுக்குப் பதில் சோலினாய்டு இருந்தால் சாவி போட்டதும் 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் ஒயரை மாட்டாமல் விட்டார்களா என்று பாருங்கள்.

அடுத்தது ஏர். டீசல் லைனைத் திறந்த எந்த வேலைக்குப் பிறகும் உள்ளே காற்று நிற்கும், பம்ப் அந்தக் காற்றை அமுக்கி அமுக்கி விடுமே தவிர, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் திறக்காது. பழைய நாசில் திறக்கவே 200 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும், காற்றை அமுக்கி அந்த அழுத்தத்துக்குப் போக முடியாது. ஏர் எடுக்கும்போது டேங்கிலிருந்து இஞ்சின் பக்கமாக வரிசையாக வர வேண்டும், நடுவில் தாண்டினால் திரும்ப ஆரம்பத்திலிருந்துதான்.

டேங்கில் டீசல் இருக்கிறதா பாருங்கள், காட்டுகிற முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். டேங்கைக் கழுவிவிட்டு அஞ்சு லிட்டர் ஊற்றியிருப்பார்கள், உறிஞ்சு குழாயின் நுனிக்கே எட்டியிருக்காது. அப்புறம் டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பில் கையால் அடிக்க இருக்கிற பிரைமர் குமிழைத் திருகித் தூக்கி, முதல் ஃபில்டரின் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி அடியுங்கள். நுரையாக வரும், கொஞ்ச நேரத்தில் குமிழி இல்லாமல் கம்பி போல வரும், அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குருவை முறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு முறுக்கினால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு ஃபில்டர் இருந்தால் இரண்டாவதிலும் இதே வேலை, பிறகு பம்பின் மேலே இருக்கும் ஏர் ஸ்குரு. கடைசியாக பிரைமர் கனத்து, கையில் எதிர்ப்புத் தெரியும். குமிழை அமுக்கித் திருகி மூடிவிடுங்கள், அதை மறந்தால் அதுவே காற்று இழுக்கும் வழியாகிவிடும்.

இப்போது பம்பிலிருந்து நாசிலுக்குப் போகிற பைப்புகளின் நாசில் பக்கத்து நட்டுகளில் இரண்டு மூன்றை அரைச்சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நட்டில் கசிந்து, துப்பித் துப்பி டீசல் வரும். வந்ததும் முறுக்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது நட்டை முறுக்கும்போதே இஞ்சின் இரண்டு சிலிண்டரில் இருமிக்கொண்டு எழுந்துவிடும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், டீசல் வருகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், மேலே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகிவிடும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எவ்வளவு அடித்தாலும் பிரைமர் கனக்கவே இல்லை, நுரை நிற்கவே இல்லை என்றால் பிரச்சினை உறிஞ்சுகிற பக்கம். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே எங்கேயோ காற்று போகிறது, அல்லது வழி அடைத்திருக்கிறது. வெளியே டீசல் கசியாது, உள்ளே காற்று இழுக்கும், அதனால் துணியால் துடைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் செய்வது கேன் வைத்தியம். 5 லிட்டர் சுத்தமான கேனில் டீசலை எடுத்து ஃபீட் பம்புக்கு மேலே உயரத்தில் கட்டி, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை நேராக ஃபீட் பம்பின் வாயில் மாட்டுங்கள். இப்போது பிரைமர் கனத்து வண்டி புடித்துவிட்டால் ஃபில்டர், பம்ப், நாசில் எல்லாம் நன்றாக இருக்கின்றன, டேங்க் பக்கம் போய்த் தேடுங்கள். புடிக்கவில்லை என்றால் டேங்க் பக்கம் போகவே வேண்டாம். இந்த ஒரு சோதனைக்கு பதினைந்து நிமிஷம் ஆகும், அரை நாள் அலைச்சல் மிச்சம்.

ஒரு தடவை என் பட்டறையிலேயே டேங்க் கழுவிய வண்டி. கேனில் ஓடுகிறது, டேங்கில் ஓடவில்லை. ஹோஸை மாற்றினேன், வாஷரை மாற்றினேன், உறிஞ்சு குழாயில் காற்றை ஊதினால் புரபுரவென்று வழி தெளிவாக இருக்கிறது. கடைசியில் டேங்கை மறுபடியும் இறக்கினால் உள்ளே துடைத்த துணி ஒன்று. ஊதும்போது விலகிக்கொள்ளும், உறிஞ்சும்போது போய் குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும். துணியை விட்டது என் பையன்தான், அவனைத் திட்டியிருக்கலாம், ஆனால் டேங்க் மூடியை முறுக்கியது நான்.

பழைய ரப்பர் ஹோஸும் இப்படித்தான், வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள் தோல் உரிந்து மடங்கி உறிஞ்சும்போது மூடிக்கொள்ளும். செப்பு வாஷரை மறுபடி போடுகிறவர்கள், அதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு எடுத்தால் மெத்தென்று ஆகி மறுபடி உட்காரும். ஆத்திர அவசரத்துக்குச் சரி, ஆனால் அந்த வாஷர் விலைக்கு இவ்வளவு பாடு வேண்டாம், புதிதாகவே போடுங்கள்.

இனி பலரைச் சுற்றலில் விட்டது இது: போல்ட்டு மாறிப்போவது. பம்புக்கு டீசல் உள்ளே வருகிற இடத்திலும் திரும்பிப் போகிற இடத்திலும் இருக்கிற ஓட்டை போல்ட்டுகள் இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இன்லைன் பம்பில் திரும்பிப் போகிற பக்கம் இருப்பது ஓவர்ஃப்ளோ வால்வு, உள்ளே குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. ரோட்டரி பம்பில் திரும்பும் பக்கத்து போல்ட்டில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை மட்டும் இருக்கும், தலையில் அவுட் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதைக் கொண்டுபோய் உள்ளே வருகிற பக்கம் மாட்டினால் பம்புக்கு டீசல் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஓவர்ஃப்ளோ வால்வுக்குப் பதில் சாதா போல்ட்டைப் போட்டாலோ, வந்த டீசல் எல்லாம் தங்காமல் டேங்குக்கே திரும்பி ஓடிவிடும், பம்புக்குள் அழுத்தமே நிற்காது.

போன மாசியில் மன்னார்குடி ரோட்டில் ஒரு கொள்முதல் நிலையத்து வாசலில் லோடு ஏற்றிய வண்டி இப்படி நின்றது. வேறொரு இடத்தில் பம்ப் கிட் மாற்றி மாட்டி, காலியாக வந்து லோடு ஏற்றும் வரை ஓடியிருக்கிறது, நிறுத்தி மறுபடி அடித்தால் இல்லை. வானம் மூடிக்கொண்டு வருகிறது, மேலே தார்ப்பாய் போட்டாலும் நனைந்தால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டும், குடோனில் வாங்க மாட்டார்கள் என்று டிரைவர் புலம்புகிறார். மூன்று பேர் மூன்று மணி நேரம் ஏர் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் போய்த் திரும்பும் பக்கத்து போல்ட்டைக் கழற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன், மறுபக்கம் வானம் தெரிந்தது. குண்டு இருந்தால் தெரியாது. "இதையா அண்ணே மூணு மணி நேரமா தேடினோம்" என்றார் டிரைவர். ஓவர்ஃப்ளோ வால்வு அவர்களுடைய டூல்ஸ் பெட்டியிலேயே கிடந்தது.

பிரைமர் கனக்கிறது, பம்பின் ஏர் ஸ்குருவில் டீசல் பீய்ச்சுகிறது, ஆனால் நாசில் நட்டைத் தளர்த்தினால் ஒன்றுமே வரவில்லை என்றால் பம்புக்குள்ளே ராக், அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கம்பி, சிக்கியிருக்கிறது. மூடிய நிலையில் சிக்கினால் டீசலே போகாது. பம்பின் மேலே பைப் மாட்டுகிற டெலிவரி வால்வு ஹோல்டரை அளவுக்கு மேல் முறுக்கினாலே பேரல் என்கிற உறை நசுங்கி, அதற்குள் ஏறி இறங்கி டீசலை அமுக்குகிற பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும், ராக் நகராது. ஹோல்டரை டார்க் ஸ்பானரில் அதன் அளவுக்குத்தான் முறுக்க வேண்டும், தோள் பலத்தில் அல்ல. இதை ரோட்டோரத்தில் நோண்டாதீர்கள், பம்ப் மறுபடி கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

வெள்ளைப் புகை கொட்டுகிறது, புடிக்கவில்லை

டீசல் போகிறது, எரியவில்லை. கண் எரிகிற மாதிரி டீசல் வாடையோடு வந்தால் அது எரியாத டீசல். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, புகையில் டீசல் வாடையே இல்லாமல் இருந்தால் அது தண்ணீர் ஆவி, ஹெட் கேஸ்கெட் கதை, அதை இங்கே விட்டுவிடலாம்.

பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் டைமிங். பம்ப் ஒரு சுற்று சுற்றினால் இஞ்சின் இரண்டு சுற்று சுற்றும், ஆகவே ஃபிளைவீலில் இருக்கும் குறி இரண்டு தடவை முள்ளுக்கு நேராக வரும். ஒன்று கம்ப்ரஷன், இன்னொன்று எக்ஸாஸ்ட். தப்பான சுற்றில் பம்பை மாட்டினால் டீசல் எல்லாம் சைலன்சருக்குத்தான் போகும். கண்டுபிடிப்பது சுலபம். ஆறு சிலிண்டர் வண்டியில் குறியை நேராக வைத்துவிட்டு ஆறாவது சிலிண்டரின் வால்வு கவரைத் திறந்து, இஞ்சினைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆறாவதின் வால்வுகளைத் தள்ளுகிற இரண்டு ராக்கரும் மாற்றி மாற்றி ஆடினால் முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது, சரி. முதலாவதின் ராக்கர் ஆடினால் நீங்கள் எக்ஸாஸ்டில் நிற்கிறீர்கள், இஞ்சினை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு பம்பை மாட்டுங்கள். நாலு சிலிண்டர் வண்டி என்றால் ஆறுக்குப் பதில் நாலாவதைப் பாருங்கள்.

எத்தனை டிகிரி என்பது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும், அந்த மாடலுக்கான புத்தகத்தில் உள்ளதைத்தான் வைக்க வேண்டும், பக்கத்து வண்டி அளவை வைக்காதீர்கள். பம்பைக் கழற்றும் முன்னாலேயே ஃபிளாஞ்சுக்கும் இஞ்சினுக்கும் குறுக்கே வெட்டுளியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இருக்காது. கோடு போட மறந்தவர்கள் டெலிவரி வால்வைக் கழற்றி வளைந்த பைப் மாட்டி, டீசல் சொட்டு நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பைப் மாறிப்போவதும் நடக்கும். இன்லைன் பம்பில் பைப்புகள் வளைத்த அளவிலேயே வருவதால் மாறுவது கஷ்டம், ரோட்டரி பம்பில் மாறுவது ரொம்ப சுலபம். நாலு சிலிண்டர் பெரும்பாலும் 1-3-4-2, ஆறு சிலிண்டர் 1-5-3-6-2-4. பம்பு சுற்றுகிற திசையில் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

நாசிலைக் கழற்றி மாட்டியிருந்தால் அடியில் போடுகிற செப்பு வாஷரைப் பாருங்கள். பழைய வாஷர் ஹெட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், நாசிலோடு வராது, தெரியாமல் புது வாஷரோடு நாசிலை இறக்கினால் இரண்டு வாஷர் மேல் நாசில் உட்கார்ந்து, தெளிக்கிற இடம் தூக்கிவிடும். வாஷரே இல்லாமல் மாட்டினாலோ செல்ஃப் அடிக்கும்போது அந்தச் சிலிண்டர் பக்கம் புஸ் புஸ் என்று கேட்கும்.

டீசலில் தண்ணீர் இருந்தாலும் வெள்ளையாகத்தான் புகையும். அறுவடை நேரத்தில் கதிர் அறுக்கும் மிஷின்காரர்களுக்கு வயலோரம் பேரலில் டீசல் இறக்கி வைப்பார்கள், ராத்திரிப் பனி, மூடாத மூடி, மழை. அந்தப் பேரலில் மிச்சத்தை லாரியில் ஊற்றிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபில்டர் அடியிலிருக்கிற வடிகால் ஸ்குருவைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள், தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

'டக்' என்று ஒரு சத்தம், அதற்கு மேல் சுற்றவில்லை

முதலில் எர்த் ஒயர். பம்பைக் கழற்ற இடம் வேண்டும் என்று எர்த் ஒயரைக் கழற்றியிருப்பார்கள், மறுபடி பெயின்ட் மேலேயே மாட்டியிருப்பார்கள். வேதாரண்யத்தில் உப்பு லோடு அடிக்கிற வண்டிகளில் சேசிஸில் எர்த் உட்காரும் இடமே பொரிந்துபோயிருக்கும், சுரண்டி வெள்ளி போல ஆக்கித்தான் மாட்ட வேண்டும்.

எர்த், பேட்டரி எல்லாம் நன்றாக இருந்து, இஞ்சின் ஒரே இடத்தில் கல்லாக நின்றால் உடனே கையை எடுத்துவிடுங்கள். நாசில் ஒன்று மூடாமல் வழிந்து, நிறைய தடவை ஏர் எடுத்ததில் ஒரு சிலிண்டர் டீசலால் நிரம்பியிருக்கலாம். டீசலை அமுக்க முடியாது. இந்த நிலையில் டிராக்டரில் கட்டி இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், டிராக்டரை வேண்டாம் என்று சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான். எல்லா நாசிலையும் கழற்றி, துணியால் மூடி, இஞ்சினைக் கையால் சுற்றி வெளியேற்றுங்கள். கூடவே ஆயில் குச்சியைப் பாருங்கள், அளவு ஏறி டீசல் வாடை அடித்தால் பம்பின் அல்லது ஃபீட் பம்பின் சீல் வழியாக டீசல் அடியில் இருக்கிற ஆயில் தொட்டிக்கு இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

புடித்ததும் அலறிக்கொண்டு ஏறுகிறது

ராக் முழுக்கத் திறந்த நிலையில் சிக்கினால் இப்படி ஆகும், ஆக்சிலேட்டரை விட்டாலும் குறையாது, சாவியை எடுத்தாலும் நிற்காது. அதனால் பம்ப் வேலைக்குப் பிறகு முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு ஆள் பலகையோடு நிற்க வேண்டும். அலறினால் வாயை மூடிவிட வேண்டியது, காற்று இல்லாமல் இஞ்சின் அணைந்துவிடும். கையால் மூடக் கூடாது, துணியால் மூடினால் துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கியரில் போட்டு பிரேக்கை அழுத்தி கிளட்சை விட்டு இஞ்சினை அணைப்பதும் ஒரு வழி, ஆனால் பலகைதான் பத்திரம்.

புடிக்கிறது, இரண்டு மூன்று நிமிஷத்தில் நின்றுவிடுகிறது

ஃபில்டர் கிண்ணத்திலும் பம்பிலும் இருந்த டீசல் தீரும் வரை ஓடியிருக்கிறது, புதிதாக வரவில்லை. நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் திருட்டுக்குப் பயந்து பூட்டு மூடி போடுகிறார்கள், சில மட்டமான மூடிகளில் துளையே இருக்காது. இல்லையென்றால் ஃபில்டரின் ரப்பர் வளையம் முறுக்கியிருக்கும், அல்லது பழைய வளையம் ஒட்டியிருக்க அதன் மேலேயே புதியதை உட்கார வைத்திருப்பார்கள். ரயில்வே கேட் முன்னால் வரிசையில் நிற்கும்போது இப்படி அணைந்தால் பின்னால் நிற்கிறவர்கள் வாயில் வருவதைக் கேட்க முடியாது, லோடு ஏற்றும் முன் அரை மணி நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

காமன் ரயில் வண்டியாக இருந்தால்

நாடு முழுக்க பி.எஸ்.4 என்கிற புகை விதி வந்தது 2017 ஏப்ரலில், பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரலில். ஆனால் வருஷத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பி.எஸ்.4 காலத்திலும் இன்லைன் பம்ப் லாரிகள் வந்தன. இஞ்சின் மேல் தடித்த ஒரே ரயில் குழாய் ஓடி, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒயர் போனால் அது காமன் ரயில்.

இதில் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கவே கூடாது. ஓடும்போது ரயிலில் 1,600 பார், அதற்கும் மேலே இருக்கும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அழுத்தம் நிற்கும். ஃபில்டர் தலையில் பிரைமர் இருந்தால் அது கனக்கும் வரை அடியுங்கள், மின் பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன் செய்து அரை நிமிஷம் விட்டு ஆஃப் செய்து, இப்படி நாலைந்து தடவை. அதோடு செல்ஃப். புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுகிற பழைய பழக்கத்தை இதில் விட்டுவிட வேண்டும், வடிகட்டாத டீசல் நேராக பம்புக்குப் போகும்.

புடிக்கவில்லை என்றால் கனெக்டர்களைப் பாருங்கள், பம்ப் வேலை பார்க்கும்போது கையில் இடிக்கிற ரயில் பிரஷர் சென்சார், கிராங்க் சென்சார், கேம் சென்சார், பம்பின் மேல் இருக்கும் மீட்டரிங் யூனிட். ஒன்று மாட்டாமல் இருந்தாலே போதும். அதற்கு மேல் ஸ்கேனர் இல்லாமல் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது. ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் சுற்றும்போது ரயில் பிரஷர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவே இல்லை என்றால் டீசல் வரவில்லை அல்லது வந்தது எங்கோ திரும்பிப் போகிறது. இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பாட்டிலை வைத்து செல்ஃப் அடித்தால், ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிரம்பும், குற்றவாளி அதுதான். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் பொறித்திருக்கிற குறியீட்டு எண்ணை வண்டிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும், ஆனால் தட்டிக்கொண்டு புகைந்து ஓடும்.

பி.எஸ்.6 வண்டியில் இன்னொரு வம்பு, புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்ற வேண்டிய யூரியா திரவத்தை டீசல் டேங்கில் ஊற்றுவது. இரண்டு மூடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஊற்றிவிட்டது தெரிந்தால் சாவியையே போடாதீர்கள், மின் பம்ப் உடனே அதை உறிஞ்சி முன்னால் அனுப்பிவிடும். டேங்கை இறக்கிக் கழுவுவதுதான் வழி. அந்தத் திரவம் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணீர், வயலுக்குப் போடுகிற மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது.

பகலெல்லாம் ஓடுகிறது, காலையில் மட்டும் அரை மணி நேரம் பிரைமர் அடிக்க வேண்டியிருக்கிறது

ராத்திரி நிற்கும்போது லைனில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. எங்கேயோ மயிரிழை வழியில் காற்று உள்ளே போனால்தான் டீசல் இறங்க முடியும். ஃபீட் பம்பின் உள் வால்வு உட்காரவில்லை, அதாவது கிட் மாற்றும்போது அடியில் தூசி ஒட்டியிருக்கும், அல்லது ரிட்டர்ன் லைன் வாஷர், அல்லது பிரைமர் குமிழின் ரப்பர். எது என்று அறிய, சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது ஃபீட் பம்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ரிட்டர்னில் ஒன்று என்று உள்ளே தெரிகிற டியூப் துண்டுகளை மாட்டி வைத்துவிடுங்கள். காலையில் சாவி போடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், எந்தத் துண்டு காலியாக இருக்கிறதோ அதற்கு அடுத்த ஜாயின்டைக் கழற்றுங்கள். பார்த்து முடித்ததும் அந்த டியூபுகளை எடுத்துவிட்டுப் பழையபடி ஹோஸை மாட்டிவிட வேண்டும், இஞ்சின் சூட்டில் அது இளகிக் கிழிந்து, திருத்துறைப்பூண்டி தாண்டி உப்பளத்து நடுவில் போய் நிற்கும்.